காலையில் என்ன சாப்பிட்டாள்?

அந்தப் பொய்யைச் சொல்ல ரவிக்குமார் மாஸ்டருக்கு யோசனையே தேவைப்படவில்லை. பிற்பாடு அவரைப் போட்டு அரித்ததும் அதுதான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மகள் செவ்வந்தி கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறாள். தலையை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் டாக்டர் நிஜாம் கேட்டது ஒரே ஒரு சின்னக் கேள்வி.

“காலையில என்ன சாப்பிட்டா?”

“நாலு இட்லிங்க டாக்டர். கொஞ்சம் பொங்கல். ஒரு வடை” என்றார் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில்.

நாலு இட்லி என்றது நிஜம். பொங்கலும் நிஜம், வடையும் நிஜம். என்ன, அதையெல்லாம் தின்றது அவர். பெண் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வெறும் வயிறு.

ஒரு தகப்பன் இப்படியும் சொல்வானா என்று கேட்டால், சொன்னாரே, என்ன செய்ய. ஆள் ஒன்றும் கெட்டவர் அல்ல. சோமனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். பெண்பிள்ளைகளுக்குக் கபடி எதற்கு என்று ஊரே மூக்கைச் சுளித்த காலத்தில், வீடு வீடாகப் போய்க் கெஞ்சி டீம் சேர்த்தவர். அந்த டீமில் பாடிப் போகிறவர்களில் முதல் ஆள் ப்ளஸ் டூ படிக்கும் செவ்வந்தி. அவள் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாலே எதிர் டீம் பின்னால் நகரும்.

மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு எடை வரம்பு அறுபத்தைந்து கிலோ. செவ்வந்தி அதற்குக் கொஞ்சம் மேலே நின்றாள். ஒரு வாரமாகச் சோற்றைக் குறைத்து, உப்பைக் குறைத்து, உச்சி வெயிலில் ஜெர்கின் போட்டு ஓடவிட்டார். கடைசி நாள் மத்தியானத்தோடு சாப்பாடு கட். தண்ணீரும் தொண்டை நனைகிற அளவுக்குத்தான். மாஸ்டர் கண்டுபிடித்த வித்தை இல்லை இது. அந்தப் பக்கத்துக் கபடிக்காரர்கள் பலரும் செய்வதுதான். மிஷினில் ஏறும்வரை பட்டினி, இறங்கியதும் சாப்பாடு. அந்த இரண்டாவது பாதியை மட்டும் எவனும் மறக்கமாட்டான்.

அவர் மனைவி அன்புக்கரசி விடியும் முன்னே எழுந்து பருப்புச் சோறு ஆக்கி, நெய் ஊற்றி, முட்டை அவித்துத் தூக்குப்போசியில் வைத்து மூடினாள். மகள் கையில் கொடுத்தால் பசியில் திறந்துவிடுவாள் என்று மாஸ்டரே வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

“மிஷின்ல இருந்து எறங்குனதும் குடுத்துப்போடுங்க. புள்ள மூஞ்சி சுண்டிப்போச்சு பாருங்க” என்றாள் அன்புக்கரசி.

“எனக்குத் தெரியாதா அம்மணி? நீ பேசாம இரு” என்றார் மாஸ்டர்.

போட்டி நடந்தது ஊர்ப் பெரிய முதலாளி லட்சுமிநாராயணனின் மில் மைதானத்தில். மகளை எடை பார்க்கும் வரிசையில் நிறுத்திவிட்டு மாஸ்டர் நிமிர்ந்தபோது, மில்லில் இருந்து ஆள் வந்து நின்றான். மொதலாளி கூப்பிடுகிறார் என்றான். இதோ வந்துவிடுகிறேன் கண்ணு என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பையோடு போனார்.

ஆபீஸ் ஹாலில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, தலைவாழை இலை, ஊர்ப் பெரிய மனிதர்கள். லட்சுமிநாராயணன் எழுந்து நின்றே கூப்பிட்டார். “வாங்க மாஸ்டர். எம்பக்கத்துல உக்காருங்க. ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்.”

இதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு, சாப்பாடு ஆச்சுங்க என்று ஒரு கும்பிடு போட்டு நழுவியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் நழுவியிருப்பார்கள். ரவிக்குமாரால் முடியவில்லை. அவருடைய அப்பா ஐயாசாமி அதே குடும்பத்துத் தோட்டத்தில் பண்ணையத்து ஆளாக இருந்தவர். அந்த வீட்டுச் சோற்றை அவர் ஆயுசு முழுக்கத் தின்றிருக்கிறார், ஆனால் மாட்டுச் சாளைக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து. அவர் மகனுக்கு இன்று நாற்காலி போட்டு, இலை போட்டு, முதலாளியே தன் கையால் தண்ணீர் ஊற்றுகிறார். இந்த இலையை விட்டு எப்படி எழுந்திருப்பது? உட்கார்ந்தார். மனசார, வயிறாரச் சாப்பிட்டார்.

இரண்டாவது முறை சட்னி வந்தபோது மேஜை மேல் வைத்திருந்த போன் உறுமியது. ‘செவ்வந்தி’ என்று வெளிச்சமாக வந்தது. பக்கத்தில் முதலாளி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். சித்தெ நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டார். பை அவர் காலடியில் இருந்தது.

சித்தெ நேரம் என்பது காபியாக நீண்டது. காபிக்குப் பிறகு மைக். ‘நம்ம ஊருப் புள்ளைகளை ஆடுகளத்துக்குக் கொண்டாந்த மாஸ்டர்’ என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். சிரித்துக்கொண்டு நின்றவரின் காதில் விசில் சத்தம் விழுந்தபோதுதான், அடக் கடவுளே என்று தூக்கிவாரிப்போட்டது.

ஓடினார். களத்தில் விரித்திருந்த கபடி மேட்டில் டீம் இறங்கிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் பன்னும் பழமும் தின்று தெம்பாக நின்றார்கள். செவ்வந்தி எதையும் தொடவில்லை. வெளியில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்னக் கூடாது, நான் கொடுப்பதைத்தான் தின்ன வேண்டும் என்பது மாஸ்டர் போட்ட சட்டம். மற்றப் பிள்ளைகள் காற்றில் விட்டுவிடுவார்கள், இவள் விடமாட்டாள். உதடு வெளுத்துப்போய் ஓரத்துக்கு வந்தாள்.

“அப்பா, போன் பண்ணுனனுங்க.”

“தெரியும் கண்ணு. ஒரே ஆட்டந்தானே, முடிச்சுப்போட்டுச் சாப்புட்டுக்கலாம்.”

“செரிங்கப்பா” என்று திரும்பிப் போனாள்.

விசில் ஊதிய பிறகும் நிறுத்தியிருக்கலாம். அம்பயரிடம் ஒரு வார்த்தை சொல்லி அவளை உட்காரவைத்திருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பெண்ணுக்குக் கொடுக்க மறந்துவிட்டேன் என்றா? தோளில் பொன்னாடையோடு?

இரண்டாவது பாதியில் செவ்வந்தி பாடிப் போனாள். பாதிக் களத்தில் பாட்டு இழுத்தது. கால் பின்னியது. அவளை ஒருத்தியும் தொடவில்லை. தொடும் தூரத்தில்கூட யாரும் இல்லை. அப்படியே மடங்கி, பின்னந்தலை மொத்தென்று அடிக்கிற மாதிரி விழுந்தாள். விழுந்த சத்தம் மைக் சத்தத்தை மீறி மாஸ்டருக்குக் கேட்டது.

ஆம்புலன்சில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நினைவு வந்தது, ஆனால் அன்று காலை மட்டும் தலையிலிருந்து அழிந்துபோயிருந்தது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“அப்பா, நாம செயிச்சுப்போட்டமுங்களா?”

“செயிச்சாச்சு கண்ணு.”

“நான் சாப்புட்டனுங்களா?”

“சாப்புட்டே கண்ணு. இட்லி, பொங்கல், வடை எல்லாஞ் சாப்புட்டே.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், நான் சாப்புட்டனுங்களா. மறுபடியும் அதே பதில். அவினாசி ரோடு முழுக்க அந்தக் கேள்வியும் அந்தப் பதிலுமாகவே போனது. அதனால்தான் டாக்டர் கேட்டபோது மாஸ்டருக்குத் தடங்கலே இல்லாமல் வந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய் அல்லவா.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்ந்திருக்கிறது, கன்கஷன் என்றார் டாக்டர். ஆனால் நெற்றியைச் சுருக்கினார். “யாரும் தொடலைங்கறீங்க. சாப்பிட்டும் இருக்கா. குளுக்கோஸ் ஏத்திட்டதால ரத்தத்துல சுகர் எவ்வளவு இறங்கியிருந்ததுன்னு இப்பத் தெரியாது. அடிபட்டு மயங்கினாளா, மயங்கி அடிபட்டாளான்னு தெரியணும். இருதயத்தையும் பார்த்துடலாம். காரணம் தெரியற வரைக்கும் விளையாட்டுப் பக்கம் விடாதீங்க.”

மாஸ்டருக்குக் காரணம் தெரியும். தோளில் தொங்கிய பைக்குள் தூக்குப்போசி மூடி திறக்காமல் இருந்தது. இப்போது சொன்னால் போதும், டாக்டர் மனசு லேசாகும். வாய்வரை வந்தது. பக்கத்தில் நர்ஸ் நின்றாள், கூட வந்த பள்ளிக்கூட டீச்சர் நின்றாள். முழுங்கிக்கொண்டார்.

அன்புக்கரசி பஸ் பிடித்து வந்துகொண்டிருப்பதாகப் போன் வந்ததும் மாஸ்டர் வண்டி நிறுத்தும் இடத்துக்கு இறங்கிப் போனார். சுவர் ஓரமாகப் போய்த் தூக்குப்போசியைத் திறந்தார். நெய் உறைந்து, முட்டை இரண்டும் உரித்தபடி சோற்றின் மேல் உட்கார்ந்திருந்தன. அங்கே திரிந்த நாய்களுக்கு அதைக் கொட்டினார். ஒரு பருக்கை கீழே சிந்தினாலும் எடுத்து வாயில் போட்டுக்கொண்ட ஐயாசாமியின் மகன், மகளுக்கு ஆக்கிய சோற்றை நாய்க்குக் கொட்டினார். கொட்டிவிட்டுக் குழாயடியில் போசியைக் கழுவினார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கழுவினார். அந்த நேரத்தில் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வந்ததும் அன்புக்கரசி மகளைத் தடவிப் பார்த்தாள், அழுதாள், பிறகு பையைத் திறந்து போசியைப் பார்த்தாள்.

“முழுசாத் தின்னாளுங்களா?”

“தின்னா.”

“அப்பாடி. வெறும் வயித்தோட உழுந்திருந்தா என்ன ஆயிருக்குமோ” என்று அவள் நெஞ்சில் கைவைத்தாள்.

இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருட்டறை, ஓய்வு, போன் கூடாது, டி.வி. கூடாது, சத்தம் கூடாது. அதை மட்டும் சோமனூரில் யார் கேட்பது? ஒறம்பரை, சொந்தபந்தம் என்று எல்லாம் திரண்டு வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக ஒவ்வொருவராகக் கட்டிலருகே போய், “என்னை யாருன்னு தெரியுதா கண்ணு?” என்று பரீட்சை வைத்தார்கள். வந்தவர்களை வராதீர்கள் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நாக்குப் புரளாது. தூரத்துப் பெரியம்மா ஒருத்தியின் பெயர் செவ்வந்திக்குச் சட்டென்று வரவில்லை. போயிற்று, புள்ளைக்கு மூளை போச்சு என்று சாயங்காலத்துக்குள் தெருமுனைவரை செய்தி போய்விட்டது.

வந்தவர்கள் மாஸ்டரையும் விடவில்லை. “உங்களாட்டம் புள்ளையப் பாத்துக்கற அப்பன் உண்டுங்களா மாஸ்டர்” என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் திட்டியிருந்தால் தேவலை. பாராட்டைக் கேட்கக் கேட்க மேலெல்லாம் கூசியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கொல்லைப் பக்கம் போய்விடப் பழகினார்.

பொய் சும்மா கிடக்கவில்லை, ஆளுக்கு ஆள் வேலை செய்தது. அன்புக்கரசி ஒரு நாள் சமையல் கட்டில் நின்றபடியே அழுதாள். “நாந்தான் முட்டைய மோந்து பாக்காம அவிச்சுப்போட்டனுங்களோ? அது ஒத்துக்காமத்தான் மயங்கிட்டாளோ?” என்றாள்.

“அதெல்லாம் இருக்காது” என்று மட்டும் சொன்னார் மாஸ்டர். பாவி மனுஷன், அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லத் துணியவில்லை.

செவ்வந்தி சரியாகச் சாப்பிடவும் இல்லை. குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளினாள். பிறகு ஒரு மத்தியானம், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னாள்.

“அப்பா, நான் இனி ஆடலீங்க.”

“ஏங்கண்ணு அப்படிச் சொல்றே?”

“நல்லாச் சாப்புட்டு, யாருந் தொடாமயே உழுந்திருக்கேன். எனக்குள்ள என்னமோ கோளாறுங்கப்பா. ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னது எனக்குங் கேட்டுச்சு. கண்ண மூடுனா நெஞ்சு அடிக்கறதயே கேட்டுட்டுக் கெடக்கறனுங்க. நின்னுபோயிருமோன்னு பயமா இருக்குதுங்க.”

மாஸ்டர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. ஆனால் அவள் அவரை நம்புகிற மாதிரி இந்த உலகத்தில் இன்னொருவர் நம்பமாட்டார்கள். அது போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று பயந்தார். மகளின் பயம் பெரிதா, தன் மானம் பெரிதா என்று வந்தபோது, வெட்கக்கேடு, மானத்தையே பிடித்துக்கொண்டார். “டாக்டர் பாத்துக்குவாரு கண்ணு” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

மறுபரிசோதனைக்கு மூன்று பேருமாகப் போனார்கள். டாக்டர் நிஜாம் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்தார். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அதனால் முடிவு சொல்ல முடியாது, இன்னும் சில பரிசோதனைகள் வேண்டும் என்றார். பக்கத்தில் அக்ஷிதா என்று ஒரு சின்ன வயசுப் பெண் உட்கார்ந்திருந்தாள். விளையாடுகிற பிள்ளைகளுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் டயட்டீஷியன்.

“தலைவலிக்குதுன்னு சாப்பிடாம இருக்கக் கூடாது செவ்வந்தி. அடிபட்ட மூளைக்கும் ஆறுறதுக்குத் தீனி வேணும். குமட்டினா கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. தண்ணி விடாம குடிக்கணும். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் சேர்த்துக்கோ” என்றாள் அக்ஷிதா. பிறகு, “அன்னிக்கு ஆட்டத்துக்கு முன்னாடி என்ன சாப்பிட்டே?” என்று கேட்டாள்.

“எனக்கு ஞாபகம் இல்லீங்க மேடம். அப்பா சொன்னாங்க. நாலு இட்லி, பொங்கல், ஒரு வடைங்க” என்றாள் செவ்வந்தி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

அன்புக்கரசி திரும்பினாள். “இட்லி ஏது கண்ணு? நாங் குடுத்தனுப்புனது பருப்புஞ் சோறும் முட்டையுமில்ல? ஏனுங்க?”

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். சோறு பத்தவில்லை, அங்கேயே இட்லியும் வாங்கிக் கொடுத்தேன் என்று அடுத்த பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அதற்குள் செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரெண்டையும் தின்னும் உழுந்துட்டனுங்களா மேடம்?” என்றாள். குரலே எழும்பவில்லை. தப்புச் செய்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குனிந்த தலையை மாஸ்டரால் பார்க்க முடியவில்லை. அவர் கூனிக் குறுக வேண்டிய இடத்தில் அவள் குறுகி உட்கார்ந்திருக்கிறாள்.

“அவ திங்கலீங்க” என்றார். “அந்த இட்லி நான் தின்னதுங்க.”

அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும். ஒரு வாரம் குறைத்தது, முந்தின நாளோடு நிறுத்தியது, முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தது, போனில் மகள் பெயரைப் பார்த்துவிட்டே கவிழ்த்தது, ஒரே ஆட்டந்தானே என்றது, சோற்றை நாய்க்குக் கொட்டிப் போசியைக் கழுவியது எல்லாவற்றையும் சொன்னார். முட்டையில் ஒரு குறையும் இல்லை என்று மனைவி பக்கம் திரும்பிச் சொன்னார். அன்புக்கரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவரைப் பார்க்கவே இல்லை.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாஸ்டர். பட்டினியும், தண்ணியில்லாததும், வெயிலும் சேர்ந்தா யாரா இருந்தாலும் மயங்குவாங்க. இருதயம் பத்தின பரிசோதனையை முடிச்சுடலாம், ஆனா இப்ப எனக்குப் பெரிய கவலை இல்ல” என்றார்.

“அப்ப, எனக்குள்ள கோளாறு இல்லீங்களா டாக்டர்?” என்றாள் செவ்வந்தி.

“இருக்கற மாதிரி தெரியலம்மா. தலை முழுசா ஆறட்டும். அப்புறம் படிப்படியா நடக்கலாம், ஓடலாம், கடைசியா மேட்டுல இறங்கலாம்.”

“ஆனா எடைக்காக இப்படிப் பட்டினி இனி ஒரு நாளும் கூடாது. மேல் எடைப் பிரிவுல ஆடட்டும். இல்ல, குறைக்கணும்னா மாசக்கணக்குல, என்னைக் கேட்டு” என்றாள் அக்ஷிதா, மாஸ்டரைப் பார்த்து.

செவ்வந்திக்கு அது காதில் ஏறியதோ இல்லையோ. அடிபட்ட நாளிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா, ஒண்ணுமில்லீங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கத்துவாள், முகத்தில் விழிக்காதீர்கள் என்பாள் என்றெல்லாம் மாஸ்டர் பயந்து வந்திருந்தார். தன் ஒரு வார்த்தை இவளுக்கு இத்தனை பெரிய விடுதலையாக இருக்குமென்றால், அதை இத்தனை நாள் வாய்க்குள் பூட்டி வைத்திருந்த தன்னை என்னவென்று சொல்வது? அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அவமானம் கூடிக்கொண்டே போனது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். அன்புக்கரசி நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். செவ்வந்தி அப்பாவின் பக்கத்தில் வந்தாள்.

“நான் எத்தனை நாள் நெஞ்சப் புடிச்சுட்டுக் கெடந்தனுங்க. அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்களாப்பா?”

“சொல்லியிருக்கோணும் கண்ணு.”

அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“இனி என்ற மேட்சுக்கு நீங்க வர வேண்டாமுங்கப்பா. அம்மா வரட்டுங்க.”

கோபமே இல்லாமல், எப்போதும் போல மரியாதை குறையாமல்தான் சொன்னாள். பஸ் வந்தது. அவளாகவே போய் அம்மாவின் கையைப் பிடித்து ஏறி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“செரி கண்ணு” என்றார் மாஸ்டர். அவள் ஏறிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.